சில்லுக்கு ஒரு திருகணை

என்னைக் கட்டிய மாப்பிள்ளை உசனாரின் கனவில் மணல்தான் வரும். மற்ற ஆட்களுக்கு மௌத்தாகிப்போன உறவுகள் வரும், பாம்பு வரும். இவருக்கு மணல். சுபஹ் தொழுதுவிட்டு வந்து பிளேன்டீக் கோப்பையைக் கையில் வைத்தபடி வாவியைப் பார்த்துக் குந்தியிருப்பார். தண்ணீரை வெள்ளைப் புகார் மூடிக்கிடக்கும் நேரம் அது. நான் கேட்காமலே சொல்லத் தொடங்குவார்.

"இண்டைக்கு மணல் நடந்து போச்சு நஸீறா. மாட்டுப்பட்டி போற மாதிரி, ஆறுதலா."

"நீங்க எங்க நிண்டீங்க?"

"நான் கராஜ் வாசல்ல."

எந்தக் கனவிலும் அவர் வாசலில்தான் நிற்பார்.

அவர் கட்டாரில் வேலை செய்தது பாலைவனத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கராஜில். ஜீப்பைச் செய்த கம்பனி பூட்டி அனுப்பிய ஸ்பிரிங்கையும் குலுக்கலை வாங்குகிற சொக்கையும் கழற்றிவிட்டு, வேறு கம்பனிகள் செய்கிற உயரமான செட்டைப் பூட்டுவதுதான் அங்கே வேலை. பூட்டி முடிந்தால் ஜீப் குதிகாலைத் தூக்கி எழும்பி நிற்பதுபோல நிற்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சொந்தக்காரர்கள் ஏறிக்கொண்டு மணல்மலைக்குப் போய்விடுவார்கள். இவர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார். பொழுதுபட வண்டிகள் திரும்பி வரும். சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மிலும் சொக்கிலும் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிக் கழுவும்போது அதன் நிறத்தைப் பார்த்து, இது எந்தப் பக்கத்துக்குப் போய் வந்தது என்று தன் மனதுக்குள் சொல்லிக்கொள்வாராம். அத்தனை வருசத்தில் ஒருநாளும் அந்த மணலுக்குள் அவர் போனதில்லை. யாரும் வா என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அவர் குணம் அது.

அவருடைய வாப்பா ஏறாவூரில் கைத்தறி நெய்தவர். தறியில் நூல் அறுந்தால் சத்தம் மாறும், குனிந்து பார்க்கத் தேவையில்லை. அந்தக் காது இவருக்கும் வந்திருந்தது. திருத்த வருகிற ஒரு வண்டி எங்கள் வாசல் படலைக்கு வந்து நிற்பதற்குள் அதற்கு எங்கே நோகிறது என்று பாதி சொல்லிவிடுவார். ஒவ்வொரு நட்டுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்வார். சக்கரச் சில்லைக் கழற்றினால், உள்ளே சூடாக இருக்கும் இரும்பில் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஊரோடு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் கம்பளி, சொக்லேட், டீவி என்று கொண்டுவந்தார்கள். இவர் கம்பளியைக் கொண்டுவந்தார்தான். ஆனால் அதற்குள் நாலு சில்லுகளின் ரிம் சுற்றியிருந்தது. வேலையை விட்டு வரும்போது முதலாளி கொடுத்தது. வெள்ளி நிறத்தில், பூப்போல விரிந்த ரிம். எந்த ஜீப்புக்கு என்று இல்லாமல் அதை எங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்தார். கிழமைக்கொரு தடவை வெளியே எடுத்துத் துடைப்பார். நான் கூட்டும்போது விளக்குமாறு இடித்தால் உள்ளே மணி அடித்ததுபோல ஒரு சத்தம் வரும். எங்கள் மகள் ரிப்கா சொல்வாள், உம்மா, ஒரு நாளைக்கு உங்கட கட்டில் கொழும்புக்கு ஓடிப் போயிரும், பார்த்துப் படுங்க என்று.

அந்தக் கோடை முடிகிற நேரம் அன்னப்பூரணி வந்தாள்.

சித்தாண்டிக்காரி. எருமைத் தயிர் விற்பவள். அவளுடைய புருசன் சீனித்தம்பி மேற்கே, வயல் வட்டைகளையும் தாண்டி, எருமைப் பட்டியோடு இருப்பார். அங்கேயே பாலைக் காய்ச்சிச் சட்டியில் உறைய வைப்பார்கள். விடிந்ததும் அன்னப்பூரணி தன்னுடைய பழைய டீசல் ஜீப்பை ஓட்டிப் போய், சட்டிகளை வைக்கோலுக்குள் இருத்தி ஏற்றிக்கொண்டு வருவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெற்றிலை போட்டபடி ஓட்டுவாள். எதிரே வருகிற லொறிக்காரன்தான் ஒதுங்குவான்.

ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு பெரிய பெட்டியைக் காட்டினாள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி சிவதர்ஷன் அனுப்பிய செட். ஸ்பிரிங், சொக், மேல் ஆர்ம் எல்லாம் புதிது. அவளுக்கு அதைப் பூட்டித் தரவேண்டும். ஏன் என்று இவர் கேட்டதற்கு, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு அவள் சொன்ன கதை இதுதான். பட்டிக்குப் போகிற வழியில், வாய்க்காலைக் கடக்கிற தாழ்ந்த கல்பாலமாக ஒரு தாம்போதி இருக்கிறது. மாரியில் வெள்ளம் அதற்கு மேலால் பாயும். ஆழமில்லை, ஆனால் அவளுடைய ஜீப்பின் எஞ்சினுக்குள் போகிற அளவுக்குக் காணும். மாரியில்தான் புல் தழைத்துப் பாலும் கூடும். அந்த நேரம் பார்த்துத் தயிர் அக்கரையில் நிற்கும். போன வருசம் சட்டி சட்டியாகக் கன்றுகளுக்கு ஊற்றினார்கள். வழக்கமாக வாங்குகிற வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. சீனித்தம்பி தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம், இந்த மாரியும் தயிர் கரைசேராவிட்டால் எருமைகளை விற்றுவிடுவது என்று. பொலன்னறுவையிலிருந்து ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறான்.

"அவர் எருமையை வித்துப்போட்டு என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார் காக்கா? என்னையா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

இவர் செட்டைப் பூட்டினார். கட்டாரை விட்டு வந்தபிறகு கைக்கு வந்த முதல் செட். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் அது ஆறிப் பச்சைத் தண்ணியாகக் கிடக்கும். புது ஆர்ம் பழையதை விடத் தடிப்பு. ஜீப்போடு வந்த கம்பனிச் சில்லைத் திரும்பப் பூட்டினால், டயரின் உள்பக்கத்துக்கும் ஆர்முக்கும் நடுவில் ஒரு விரல் நுழைவதே கஷ்டம். கம்பனிச் சில்லு உள்ளுக்கு வாங்கி நிற்கிற சில்லு. கட்டாரில் என்றால் இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். வெளியே தள்ளி நிற்கிற வேறு ரிம்மைப் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு அவர் கட்டிலுக்குக் கீழே குனிந்தார்.

நாலு ரிம்மையும் வெளியே எடுத்தார். அந்த ரிம்முக்குத் தோதான டயரைக் காத்தான்குடியில் தேடி எடுத்துவந்து பூட்டினார். ஆணித் துளை எல்லாம் அந்த ஜீப்புக்கென்றே துளைத்ததுபோல் பொருந்தியது. பொழுது சாய்கிற வெயிலில் அந்த ஜீப் எங்கள் வாசலில் நின்றதைப் பார்க்க வேண்டும். நிக்காஹ்வுக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி. வாவித் தண்ணீரின் மினுக்கம் நாலு சில்லிலும் ஏறிச் சுற்றியது. இவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தார். அவர் பார்த்தது ஜீப்பையா, அதற்குப் பின்னால் வேறு எதையாவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு வழக்கம்போலச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார்.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்கு முன்னால் அன்னப்பூரணி வந்தாள். ஒரு தயிர்ச்சட்டியை இறக்கி, வைக்கோல் திருகணையோடு அவருக்கு முன்னால் வைத்து, கட்டியிருந்த தாளை அவிழ்த்தாள். சட்டி உருளாமல் இருக்க வைக்கோலை முறுக்கிச் செய்கிற வளையத்தைத்தான் நாங்கள் திருகணை என்போம். சட்டி ஆடாமல்தான் இருந்தது. உள்ளே தயிர் உடைந்து, மஞ்சள் தண்ணீர் மேலே நின்றது. கட்டிகள் அதற்குள் மிதந்தன.

"ஜீப்பு மாப்பிள்ளை மாதிரித்தான் இருக்குக் காக்கா. தயிர்தான் மோராப் போச்சு. எல்லாச் சட்டியும்."

இவர் அந்தச் சட்டியைப் பார்த்தபடியே இருந்தார். பெரிய ரிம் என்றால் டயரின் பக்கச் சதை குறையும். கட்டாரில் வழுவழுப்பான தெரு, மெத்தை மாதிரி மணல், அதற்கு அது காணும். வட்டைப் பாதை கல்லும் குழியும். ஒவ்வொரு கல்லும் நேரே சட்டிக்குப் போயிருக்கிறது. கம்பனிச் சில்லின் டயரோ சதை வைத்த டயர். குலுக்கலின் பாதியை அதுவே விழுங்கிவிடும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மனிசனுக்கு அல்லாஹ் ஆசையை ஏன் வைத்தான் என்று சிலநேரம் நான் நினைப்பேன். பிறகு, அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவேன்.

அவர் அன்றைக்கே பூப்போட்ட ரிம்மைக் கழற்றிவிட்டுக் கம்பனிச் சில்லைப் பூட்டினார். வெறும் ஜீப்பில் ஸ்டேரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்க வெட்டிப் பார்த்தார். ஆர்மில் படவில்லை. மயிரிழைதான், ஆனால் படவில்லை. இருந்தாலும் அவருக்கு மனம் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பட்டிக்கு நானும் வாறன் என்றார். அன்னப்பூரணி என்னைப் பார்த்து, நீயும் வா நஸீறா, உன்ட மாப்பிள்ளையை எருமை முட்டினா எனக்குப் பதில் சொல்ல ஏலாது என்றாள். அப்படித்தான் நானும் போனேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே இப்படியொரு வெளி இருப்பதை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. விதைப்புக்கு உழுத மண் ஈரமாய், கறுப்பாய், கண் முடிகிற மட்டும் கிடந்தது. அதில் கொக்குகள் வெள்ளைப் பொட்டுப்போல நின்றன. இவர் முன்னுக்கு இருந்து கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். தான் பூட்டிய ஒரு ஜீப்பில் அவர் ஏறிப் போவது அதுதான் முதல் தரம்.

சீனித்தம்பி பேச்சுக் குறைந்த மனிதர். சட்டிகளை ஏற்றினார். ஒவ்வொன்றையும் திருகணையில் இருத்தி, இடுக்கில் வைக்கோல் வைத்தார். கடைசியில் எங்களைப் பார்த்து, மழை இருட்டுது காக்கா, ரெண்டு கிழமையில தண்ணி வந்திரும் என்றார். அவ்வளவுதான். பிறகு திரும்பி எருமைகளைப் பார்த்தார். கழுத்தளவு தண்ணீரில் கிடந்த அவை ஒன்றுக்கும் கவலைப்படாமல் அசைபோட்டன.

திரும்பும் வழியில், தாம்போதிக்கு ஏறுகிற வளைவில் அந்தச் சத்தம் வந்தது. பூனையின் வாலை மிதித்ததுபோல ஒரு கீச். இவர் கையை உயர்த்த, அன்னப்பூரணி நிறுத்தினாள். இறங்கிக் குனிந்து பார்த்தார். டயரின் உள்பக்கத்தில் ஆர்ம் உரஞ்சிக் கீறியிருந்தது.

"வெறும் ஜீப்பில பார்த்தன்" என்றார் மெதுவாக. "கட்டார்ல வண்டி வெறுமனே போகும், வெறுமனே வரும். அந்த நினைப்பிலேயே பார்த்திட்டன். இஞ்ச ஆரும் வெறும் ஜீப்பு ஓட்டுறாங்களா?"

"ஆசுப்பத்திரிக்குப் போறதெண்டாலும் ரெண்டு மூடை நெல் ஏத்தித்தான் போவம்" என்றாள் அன்னப்பூரணி.

பாரம் ஏறினால் ஜீப் தாழ்ந்து, ஆர்ம் வேறு கோணத்துக்கு வருகிறது. அதோடு ஸ்டேரிங்கை வெட்டினால் டயரில் முட்டுகிறது. வெள்ளத்துக்கு நடுவில் டயர் கிழிந்தால் என்னவாகும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. அன்னப்பூரணி வெற்றிலையைத் துப்பிவிட்டு மேற்கே பார்த்தாள். அவள் முகத்தில் பொலன்னறுவைக்காரன் வந்து நிற்பதை நான் கண்டேன்.

அஸர் நேரமாகியிருந்தது. வாய்க்கால் தண்ணீரில் வுளூ எடுத்து, வரம்பில் தன் சால்வையை விரித்து அவர் தொழுதார். நான் ஒரு மர நிழலில் தொழுதேன். அன்னப்பூரணி நாங்கள் முடிக்கும்வரை ஜீப்பின் வானொலியை நிறுத்தி வைத்திருந்தாள். சலாம் கொடுத்த பிறகும் இவர் எழும்பவில்லை. ஜீப்பின் பின்பக்கம் திறந்திருந்தது. வரிசையாகச் சட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு திருகணை. அதைப் பார்த்தபடி இருந்தார். வாவிப் பக்கமிருந்து காற்று வந்து வைக்கோலைக் கிளப்பி விளையாடியது.

"சில்லுக்கும் ஒரு திருகணை வைக்கோணும்" என்றார்.

சில்லுக்கும் அதைப் பூட்டுகிற ஹப்புக்கும் நடுவில் வைக்கிற வளையம் அவருக்குப் புதிதில்லை. கடையில் விற்கிறதுதான். ஆனால் மெல்லிய, துளைகள் பொருந்தாத வளையங்களைப் பூட்டி ஆணி முறிந்த வண்டிகளை அவர் கட்டாரில் பார்த்திருக்கிறார். அதனால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தவர். வைப்பதென்றால் தடிப்பாக, நல்ல வார்ப்பில், இந்த ஹப்பில் இறுக்கமாக உட்காருகிற மாதிரி இருக்க வேண்டும். ஆணித் துளைகள் நூலளவும் பிசகக்கூடாது.

அப்படிப்பட்ட வார்ப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு அவர் சொல்வதற்கு முன்னமே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழேயிருந்து இரண்டு ரிம்மை எடுத்தார். ஒரு தரம் துடைத்தார். துடைக்கத் தேவையில்லைதான். பிறகு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பூவிதழ்களை அறுத்து எறிந்துவிட்டு, நடுவில் ஆணித் துளைகள் இருக்கிற தடித்த பாகத்தை மட்டும் கடைந்து, ஒரு விரல் தடிப்பில் இரண்டு வளையம் எடுத்தார்கள். லேத்தில் அது சுற்றும்போது வெள்ளிச் சுருள் சுருளாக உதிர்ந்ததாம். கிட்ட நின்று பார்த்தாராம். நோகவில்லையா என்று கேட்டேன்.

"நொந்திச்சு" என்றார். "பிறகு நோகல்ல."

முன் இரண்டு சில்லுக்கும் வளையத்தை வைத்து, நீளமான ஆணி மாற்றி, கம்பனிச் சில்லைப் பூட்டினார். இந்தத் தரம் பின்னால் எங்கள் வீட்டு அரிசி மூடை, தண்ணீர் நிரப்பிய குடங்கள், என்னையும் ரிப்காவையும் கூட ஏற்றிவைத்துவிட்டு ஸ்டேரிங்கை வெட்டினார். டயருக்கும் ஆர்முக்கும் நடுவில் அவருடைய விரல் தாராளமாகப் போய் வந்தது. அன்னப்பூரணிக்கு இரண்டு நிபந்தனை மட்டும் போட்டார். கொஞ்சத் தூரம் ஓடியபின் ஆணிகளைத் திரும்ப இறுக்க வேண்டும், தாம்போதிக் கரைக் கல்லில் கீறியிருக்கிற சிவப்புக் கோட்டுக்கு மேல் தண்ணீர் நின்றால் எந்தச் செட்டை நம்பியும் இறங்கக்கூடாது.

மழை வந்தது. வாவி எங்கள் வேலிக்குக் கிட்ட வந்து நின்றது. அடைமழை விட்டு ஒரு வெளிச்சம் வந்த காலையில், போவமா காக்கா என்று அன்னப்பூரணி படலையில் நின்று கேட்டாள். கோட்டுக்குக் கீழேதான் தண்ணீர் என்று சீனித்தம்பி போனில் சொல்லியிருந்தார்.

நாங்கள் இருவரும் ஏறினோம். போகும்போது ஜீப் வெறுமை. அது பெரிய காரியமில்லை. சட்டிகளோடு திரும்பியபோதுதான் மூன்று பேரும் முன் கண்ணாடிக்குக் குனிந்து தெருவைத் தேடினோம். தாம்போதி எங்கே, வாய்க்கால் எங்கே, வட்டை எங்கே என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே பரப்பு. இரு கரையிலும் நட்ட கல்லுகள் மட்டும் தலை காட்டின. வானம் முழுக்கத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நாங்கள் மேகத்துக்கு மேலால் போவதுபோல் இருந்தது. வளைவு வந்தது. நான் சலவாத்து ஓதினேன். அன்னப்பூரணி பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு ஸ்டேரிங்கை வெட்டினாள். இவர் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். தண்ணீர் சில்லைத் தடவிப் போகிற சத்தம். வேறு ஒரு சத்தமும் இல்லை.

கண்ணைத் திறந்தார். நாங்கள் நடுத் தண்ணீரில் இருந்தோம். காற்று மெல்லிய மடிப்பு மடிப்பாகத் தண்ணீரை மேற்கே தள்ளிக்கொண்டு போனது. மணல் நடக்கும் என்று அவர் சொல்வாரே, இப்படித்தான் நடக்குமாக்கும் என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே வந்தார். கரை வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

கரையேறியதும் அன்னப்பூரணி ஜீப்பை நிறுத்தி, பின்னால் போய் ஒரு சட்டியை எடுத்து வந்தாள். தாளை அவிழ்த்தாள்.

"காக்கா, கீழே இறங்கிக் குந்துங்க. தொப்பியைக் கழட்டாதிங்க."

அவருடைய வெள்ளைத் தொப்பிக்கு நேரே சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். நல்ல தயிர் என்றால் விழாது. தயிர்க்காரர்கள் சந்தையில் காட்டுகிற விளையாட்டுத்தான். இவர் அசையாமல் குந்தியிருந்தார். பிடித்தாள், பிடித்தபடியே நின்றாள். தொப்பியில் ஒரு சொட்டு விழவில்லை.

சட்டியை நிமிர்த்தித் திருகணையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சீனித்தம்பியிடம் ஒரு வசனம்தான் பேசினாள்.

"பொலன்னறுவைக்காரனை வரவேணாமெண்டு சொல்லுங்க."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் சாய்ந்து நின்றாள். இவர் வேறு பக்கம் பார்த்தார். நானும் திரும்பிக்கொண்டேன்.

மற்ற இரண்டு ரிம்மும் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான். விளக்குமாறு இடித்தால் மணி அடிக்கிறது. துடைக்கிறதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

தயிர் கரைசேர்ந்த அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து குந்தினார். புகார் கிடந்தது. பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு நான்தான் கேட்டேன், மணல் வந்ததா என்று. வந்தது என்றார்.

"நீங்க எங்க நிண்டீங்க?"

"நிக்கல்ல. ஜீப்புக்குள்ள இருந்தன்." ஒரு மிடறு குடித்தார். "பின்னால தயிர் இருந்திச்சு. மெல்லப் போகச் சொன்னன்."